இரண்டாவது வேட்டு

முதல் வேட்டு வெடித்ததும் தோள் பின்னால் எகிறியது. இரட்டைக்குழல் துப்பாக்கியை இறக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு மூச்சு விட்டேன். இரண்டாவது விசையை இழுத்தேன்.

வயலில் மேய்ந்துகொண்டிருந்த கொக்குகள் மொத்தமாகக் கிளம்பின. சத்தம் எதிர்ச்சரிவில் மோதித் திரும்பி வந்தது. போன வாரம் ஆயுதப் பண்டிகைக்கு என் கணவர் குழல் முனையில் செருகிய செங்காந்தள் பூ கருகிப்போய்க் காலடியில் கிடந்தது. சேனைப் பாத்தியைத் தாண்டி, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, வழுக்குகிற செம்மண்ணில் வீட்டை நோக்கி ஓடினேன். நாற்பத்தொன்பது வயதில் ஓடக் கூடாத ஓட்டம்.

என் கணவர் மாச்சய்யா கட்டிலில் பாதி எழுந்து உட்கார்ந்திருந்தார். நோய் அவரை அரை ஆளாக்கிவிட்டிருந்தது. காது மட்டும் பழைய காது.

"யாரு செத்தா?" என்றார்.

குடகில் பிறந்த எவரும் அந்தச் சத்தத்துக்கு அதைத்தான் கேட்பார்கள். ஒரு வேட்டு என்றால் எந்த வீட்டிலோ ஆண் பிள்ளை. அடுத்தடுத்து இரண்டு என்றால் சாவு. கேட்ட வீட்டிலிருந்தெல்லாம் ஓர் ஆளாவது, கையில் இருப்பதைப் போட்டுவிட்டுக் கிளம்பி வர வேண்டும். பன்றி வந்தால் பட்டாசு, யானை வந்தால் தகர டப்பா. துப்பாக்கியையே எடுத்தாலும் ஒன்றோடு நிறுத்துவார்கள். வெறுமனே இரண்டு சுடுவதற்கு இங்கே யாருக்கும் விரல் வராது.

"யாரும் சாகல. சேனைப் பாத்தியில பன்றி," என்றேன்.

"ரெண்டா சுட்டே?"

"கை பட்டுடுச்சு."

என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தார்.

"சுமா, இப்ப ஊரே வரும். எனக்குக் கடைசிக் கும்பிடு போட. ஒரு சட்டை குடு. பொணம் கிழிஞ்ச பனியனோட உட்கார்ந்திருந்தா நல்லாவா இருக்கும்?"

அவருடைய சிவப்பு ஸ்வெட்டரை மாட்டிவிட்டேன். கைத்தாங்கலாக நடத்தி வராந்தாவில் பிரம்பு நாற்காலியில் உட்கார வைத்தேன். கையில் காபியைக் கொடுத்தேன். பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் ரைஸ் மில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. சரிவுகளில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வெள்ளை உடை ஒவ்வொன்றாக இறங்குவது தெரிந்தது.

அவர் அதையெல்லாம் பார்க்கவில்லை. எதிர்மேட்டில் இருக்கும் ஒரு பழைய ஓட்டு வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது அவர் பிறந்த வீடு. இப்போது அவருடைய அண்ணன் பெள்ளியப்பா மட்டும் இருக்கிறார். பெண்டாட்டி போய்ச் சேர்ந்துவிட்டாள். துணைக்கு இரண்டு நாய்கள்.

பத்தொன்பது வருடமாக அண்ணன் பெயரை இவர் சொல்லிக் கேட்டதில்லை. ஆனால் கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போடச் சொன்னது இவர்தான். தினமும் காலையில், "மேட்டு வீட்டுல புகை வருதா பாரு," என்று மட்டும் கேட்பார். வருகிறது என்றால் தலையாட்டிவிட்டு மாத்திரை போட்டுக்கொள்வார். மைசூர் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இந்த மழைக்காலத்தைத் தாண்டினால் பெரிது என்று சொல்லியிருந்தார். அண்ணனைப் பார்க்காமலே இவர் போய்விடுவார் என்பதுதான் என் வயிற்றில் கிடந்த கல். ஏனென்றால் அந்த இரண்டு பேரையும் பிரித்தவள் நான்.

என் ஊர் தார்வாட் பக்கம். எங்கள் தெருவில் சண்டை என்றால் நாலு வீட்டுக்குக் கேட்கும். சாயங்காலம் ஒருத்தி மற்றவள் தோளில் சாய்ந்து அழுவாள், ராத்திரி ரொட்டி கைமாறும், அதோடு முடிந்தது. குடகில் கோபம் வந்தால் மனுஷன் குரலைத் தாழ்த்திக்கொள்வான். ரொம்பக் கோபம் என்றால் பேசுவதையே நிறுத்திவிடுவான். கல்யாணம் ஆன புதிதில் எனக்கு இது புரியவில்லை. யாரும் கத்தவில்லையே, எல்லாரும் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் வருடம் மாமியார் இறந்தார். மேட்டு வீட்டின் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். பெண்கள் வெள்ளைப் புடவையில் சுற்றி உட்கார்ந்து, சத்தமில்லாமல் கண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு மனசு ஆறவில்லை. நல்ல மனுஷி, எனக்குத் தலை பின்னிவிட்டவர். அவருக்கு ஒப்பாரி வைக்க ஓர் ஆள் இல்லையா? மார்பில் அடித்துக்கொண்டு ஆரம்பித்துவிட்டேன்.

எங்கள் ஊர் ஒப்பாரிக்கு என்று சில அடிகள் உண்டு. ராணிக்கும் அதையேதான் பாடுவார்கள், கூலிக்காரிக்கும் அதையேதான். 'பெற்றெடுத்தாய் தாயே, ஒரு பிடி சோறு சூடாய்ப் போட ஆளில்லையே. தலைமகன் இருந்தும் தனியாய்ப் படுத்தாயே.' அதை யாரும் நிஜமென்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பாடாவிட்டால்தான் குறை.

அங்கே பெள்ளியப்பா நின்றிருந்தார். தலைமகன். எட்டு மாதம் அம்மாவைக் குழந்தைபோல் தூக்கிக் குளிப்பாட்டியவர். நான் கன்னடத்தில் பாடியது அங்கிருந்த இருநூறு பேருக்கும் வார்த்தை வார்த்தையாகப் புரிந்தது.

அவர் கத்தவில்லை. தம்பியின் பக்கத்தில் வந்து, "இந்த நாடகக்காரியை வெளியே கூட்டிட்டுப் போ," என்றார். மாச்சய்யா, "அவ அழுறா, அண்ணா. அவங்க ஊர்ல அப்படித்தான்," என்றார். "அப்ப அவங்க ஊருக்கே போய் இரு. உன் வீட்டு வாசல்ல நான் கால் வைக்கணும்னா எனக்கு ரெண்டு வேட்டு கேட்கணும்." அவ்வளவுதான். முழுச் சண்டையும் அந்த நாலு வரிதான்.

அன்றோடு நான் சத்தமாக அழுவதை விட்டுவிட்டேன். போகப் போகச் சத்தமாகச் சிரிப்பதும் போய்விட்டது. தார்வாடுக்குப் போனால் என் தங்கை, "என்னடி, கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கே? மலைக்குப் போய் உறைஞ்சு போயிட்டியா?" என்பாள். இங்கே வந்தால், "சமவெளிக்காரி கொஞ்சம் ஓட்டை வாய்," என்பார்கள். இரண்டு ஊருக்கும் நான் அளவு தப்பிய ஆள். கண்ணாடியில் பார்த்தால் எனக்கே சில சமயம் இது யார் என்று இருக்கும்.

நாய் குரைத்தது. முதலில் வந்தது பக்கத்து எஸ்டேட் பொள்ளம்மா. வெள்ளைப் புடவை, தலையில் முக்காடு, இடுப்பில் ஒரு தூக்குவாளி. பின்னால் அவள் புருஷன் குட்டப்பா, சிதைக்கு மரம் வெட்டுகிற கத்தியோடு. படியேறி நிமிர்ந்தவள் மாச்சய்யாவைப் பார்த்து அப்படியே நின்றாள்.

"காபி குடிக்கிறீங்களா?" என்றாள்.

"பொணத்துக்குக் காபி கூடாதுன்னு யார் சொன்னா?" என்றார் இவர்.

பொள்ளம்மா தூக்குவாளியைக் கீழே வைத்தாள். என் பக்கம் திரும்பினாள். "சுமா. என்ன நடந்துச்சு?"

"பன்றி, அக்கா. பயத்துல ரெண்டு விசையும்..."

"நான் வழியெல்லாம் அழுதுட்டே வந்தேன். எனக்கு அழ வராதுன்னு என் மருமக சொல்லுவா, இன்னிக்குப் பார்த்து வந்துச்சு. எல்லாம் வீண்."

"வீணில்ல, இன்னும் கொஞ்ச நாள்ல தேவைப்படும், சேர்த்து வை," என்றார் மாச்சய்யா.

ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். வந்தவர்கள் முதலில் திகைத்தார்கள், பிறகு இருமினார்கள், பிறகு சிரிப்பை மறைக்கக் கொல்லைப்பக்கம் போனார்கள். அரை மணி நேரத்தில் நாற்பது பேர். "கத்தி எடுத்துட்டு வந்தாச்சு, அடுப்புக்காவது ரெண்டு கட்டை வெட்டிக் குடுத்துட்டுப் போறோம்," என்று குட்டப்பா விழுந்து கிடந்த சில்வர் ஓக் மரத்தை வெட்ட ஆரம்பித்தார்.

என்னைத் திட்டுவதிலும் குறை வைக்கவில்லை. "இருபத்திரெண்டு வருஷமா இந்தத் தண்ணி குடிக்கிறா, ரெண்டு வேட்டுன்னா என்னன்னு தெரியல." "விடு, அவங்க ஊர்ல கல்யாணத்துக்கே பத்து வேட்டுப் போடுவாங்களாம்." "மாச்சு, உன் பெண்டாட்டி கையில துப்பாக்கி குடுத்தவன் நீதானே, உனக்குத்தான் ரெண்டு போடணும்." நான் தலையைக் குனிந்துகொண்டு காபி ஊற்றினேன். சமவெளிக்காரி என்பதில் ஒரு வசதி. என்ன தப்புச் செய்தாலும் அவளுக்குத் தெரியாது என்று விட்டுவிடுவார்கள்.

என் கண் மட்டும் பாதையிலேயே இருந்தது. மேட்டு வீட்டிலிருந்து வயல் வரப்பு வழியாக வந்து, காபித் தோட்டத்தின் வளைவில் திரும்பி, அங்கிருந்து பத்து நிமிடம் மேடேறினால் எங்கள் கேட். வேகமாக நடந்தாலும் மொத்தம் நாற்பது நிமிடம்.

பத்தேகாலுக்கு வளைவில் ஓர் உருவம் தெரிந்தது. வெள்ளை உடை. உயரம். கையில் தடி.

பேச்சு அடங்கிவிட்டது. குட்டப்பாவின் கத்தி நின்றது. இங்கே எல்லாருக்கும் அந்தச் சத்தியம் தெரியும். பெள்ளியப்பா வளைவில் நின்றார். ஒரு நிமிடம் இருக்கும், இரண்டு நிமிடம்கூட இருக்கும். அசையவே இல்லை.

"மூச்சு வாங்குறார் பாவம். அறுபத்தாறு வயசு," என்றாள் பொள்ளம்மா மெதுவாக.

"யாராவது ஓடிப் போய்ச் சொல்லுங்க, ஏமாந்து உள்ள வந்துடப் போறார்," என்றது ஒரு குரல்.

பொள்ளம்மா அந்தக் குரலைப் பார்த்த பார்வையில் யாரும் நகரவில்லை.

அவர் நடக்க ஆரம்பித்தார். கேட்டைத் திறந்தார். உள்ளே கால் வைத்தார். முற்றத்தில் நின்றவர்கள் வழிவிட்டார்கள். நேராக வராந்தாவுக்கு வந்து தம்பியின் முன்னால் நின்றார்.

மாச்சய்யா நாற்காலிப் பிடியை அழுத்தி எழ முயன்றார். அண்ணன் காலை மூன்று முறை தொட வேண்டும், அது வழக்கம். பாதி குனிந்ததும் முழங்கால் மடங்கியது. பெள்ளியப்பா தடியைப் போட்டுவிட்டு அவரைத் தாங்கிப் பிடித்தார். பிடித்தபடி சற்று நேரம் அப்படியே நின்றார்கள். பிறகு உட்கார வைத்துவிட்டு, பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

நான் கதவோரம் நின்றேன். எங்கள் ஊராக இருந்தால் இந்நேரம் கட்டிக்கொண்டு அழுது, ஊர் சமாதானம் செய்து, யாராவது ஒருத்தர் மயங்கியே விழுந்திருப்பார்கள்.

"உன் பக்கம் மழை எவ்வளவு?" என்றார் பெள்ளியப்பா.

"நேத்து ஒண்ணே கால் இஞ்ச்," என்றார் இவர்.

"எனக்கு ஒண்ணரை."

"மேடு இல்லையா. உனக்கு எப்பவும் கூடத்தான்."

"காய் உதிருதா?"

"கிழக்குப் பக்கம் கொஞ்சம்."

இருவரும் வயலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அழுவது, மன்னிப்பது, கட்டிக்கொள்வது எல்லாம் அந்த ஒண்ணே கால் இஞ்சிலேயே முடிந்துவிட்டது. இதற்கு மேல் பேசினால்தான் அசிங்கம். முற்றத்தில் மறுபடி கத்திச் சத்தம் கேட்டது. யாரும் எதையும் கவனிக்காததுபோல் வேலையைப் பார்த்தார்கள்.

காபியை எடுத்துக்கொண்டு போனேன். பெள்ளியப்பா வாங்கினார். என்னைப் பார்க்காமல், டம்ளரைப் பார்த்துக் கேட்டார்:

"பன்றி எங்க வந்துச்சு?"

அந்த ஆள் ஐம்பது வருடம் வேட்டைக்காரர். ஈரத்தில் இலை மடங்கியிருந்தாலே என்ன போயிற்று, எப்போது போயிற்று என்று சொல்லுவார்.

"சேனைப் பாத்தியில," என்றேன்.

தடியை எடுத்துக்கொண்டு போனார். குட்டப்பா, "நானும் வர்றேன் அண்ணா," என்று கத்தியைத் துடைத்து வைத்துவிட்டுப் பின்னால் ஓடினார். நான் சமையலறைக்குப் போய் வெறும் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிடம் கழித்து இருவரும் திரும்பி வரும் குரல் கேட்டது.

"நான் போறதுக்குள்ள அண்ணன் பாத்தியெல்லாம் மிதிச்சு வச்சிட்டார்," என்றார் குட்டப்பா. "தடம் பார்க்க முடியல."

"நான் பார்த்துட்டேன்," என்றார் பெள்ளியப்பா. "பெரிய ஆண். ஓடைப்பக்கம் இறங்கிடுச்சு."

அதற்குப் பிறகு யாரும் என்னைத் திட்டவில்லை. மத்தியானம் வரை எல்லாரும் இருந்தார்கள். சாவு வீட்டுக்கென்று அவரவர் கொண்டுவந்த அரிசியும் காய்கறியும் அங்கேயே சமைத்தோம். வீட்டில் இருந்த பன்றிக்கறியை, குடகுக்காரர்கள் பழம் காய்ச்சி எடுக்கும் கறுப்புக் கச்சம்புளி ஊற்றி வைத்தேன். முட்டைகூடத் தொடாத வீட்டில் பிறந்தவள் நான். அந்தப் புளியின் பக்குவம் எனக்கு மூன்று வருடம் வரவில்லை. அரிசி உருண்டையோடு பெள்ளியப்பாவுக்குப் பரிமாறினேன். சாப்பிட்டார். மறுபடி தட்டை நீட்டினார். அதையும் சாப்பிட்டார்.

"புளி கொஞ்சம் கம்மி," என்றார்.

பொள்ளம்மா என் விலாவில் இடித்தாள். "பிடிச்சிருக்குடி," என்று காதில் சொன்னாள். எனக்கும் தெரிந்திருந்தது.

மறுநாள் காலையில் மாச்சய்யா புகை வருகிறதா என்று கேட்கவில்லை. எட்டு மணிக்குப் பெள்ளியப்பாவே வந்துவிட்டார். இருபத்தாறு நாள் தினமும் வந்தார். மழைக் கணக்கு, நாய்க்குட்டி, இராணுவத்தில் இருந்தபோது திருடித் தின்ற ஒரு வாத்து. ஒரு நாளும் பழைய சண்டையைப் பேசவில்லை. கடைசி நாலு நாள் தம்பியைத் தூக்கிக் குளிப்பாட்டியது அவர்தான்.

இருபத்தேழாம் நாள் விடிகாலை மாச்சய்யா போய்விட்டார். தூக்கத்தில், சத்தமில்லாமல், அவர்கள் வழக்கப்படியே. பெள்ளியப்பா சுவரிலிருந்து துப்பாக்கியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனார். ஒரு வேட்டு. ஒரு மூச்சு. இன்னொரு வேட்டு.

ஊர் வந்தது. கூடத்தில் பெண்கள் நடுவே உட்கார்ந்திருந்தேன். பெள்ளியப்பா வந்து எதிரில் நின்றார். பத்தொன்பது வருடத்தில் முதல் முறையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"உங்க ஊர்ல எப்படி அழுவீங்களோ, அப்படி அழு அம்மா. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

வாயைத் திறந்தேன். அந்த அடிகள் எல்லாம் நெஞ்சில் இருந்தன. சத்தம் வரவில்லை. கண்ணீர் மட்டும் கழுத்து வரை இறங்கியது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்தவர்களைப் போலவே உட்கார்ந்திருந்தேன். பிறகு பொள்ளம்மா குறைப்பட்டுக்கொண்டாள்: "ஒரு தடவை சத்தமா அழுதிருக்கலாம். நாங்கல்லாம் காத்துக்கிட்டு இருந்தோம்."

பதினோராம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் போன பிறகு பெள்ளியப்பா வராந்தாவில் உட்கார்ந்து துப்பாக்கிக் குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாச்சய்யாவின் நாற்காலி பக்கத்தில் காலியாக இருந்தது. நான் காபியை வைத்துவிட்டுப் போகவில்லை. இதைச் சொல்லாமல் அந்த வீட்டில் இருக்க என்னால் முடியாது.

"அண்ணா. அன்னிக்குப் பன்றியே வரல."

"மண்ணுல ஒரு தடமும் இல்ல," என்றார், துடைப்பதை நிறுத்தாமல். "அதான் மிதிச்சு வச்சேன். குட்டப்பா வாய் சும்மா இருக்காது."

"நான் வேணும்னுதான் ரெண்டு சுட்டேன். உங்களை வரவைக்க எனக்கு வேற வழி தெரியல. தம்பி செத்துட்டான்னு நினைச்சு நாற்பது நிமிஷம் நடந்து வந்திருக்கீங்க. அந்த நாற்பது நிமிஷம் என் பாவம்தான்."

"முப்பது நிமிஷம்," என்றார்.

எனக்குப் புரியவில்லை.

துப்பாக்கியை மடியில் கிடத்திவிட்டு, தோட்டத்து வளைவைக் கையால் காட்டினார்.

"அங்கிருந்து பார்த்தா இந்த வராந்தா நல்லா தெரியும்மா. சிவப்பு ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு, உட்கார்ந்து காபி குடிச்சிட்டிருந்தான்."